தனியாக அலைந்தவர் யார்? வேர்ட்ஸ்வொர்த் கவிதையும் இரண்டு புள்ளியும்

கொக்குவில் ஆசிரியை:
ஆங்கிலக் கவிதைக்கு விமர்சனம் எழுதும் பிள்ளைகள் 'ஸ்பீக்கர்' (கவிதைக்குள் பேசுபவர்) என்ற சொல்லைத் தொடவே கூடாது, 'நான்' என்று வருமிடமெல்லாம் 'கவிஞர்' என்றே எழுத வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆங்கில இலக்கியம் படிப்பித்து வருகிறேன். அவர் காட்டிய, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டஃபோடில் பூக் கவிதையையே எடுத்துக்கொள்கிறேன். முகிலைப் போலத் தனியாக அலைந்தேன் என்று அது தொடங்குகிறது. ஆனால், 1802 ஏப்ரல் 15ஆம் திகதி அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைக் கண்டபோது வேர்ட்ஸ்வொர்த் தனியாக இருக்கவில்லை. தங்கை டொறதி கூடவே நடந்தார். களைத்த பூக்கள் சில கற்களில் தலைவைத்துக் கிடந்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். கவிதை 1807இல்தான் அச்சேறியது. தங்கையோடு நடந்தவர் கவிஞர். தனியாக அலைந்தவர் கவிதைக்குள் பேசுபவர். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் வேறெதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்?

வட்டுக்கோட்டையான்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். தனிமை என்றால் பக்கத்தில் ஆள் இல்லாமை மட்டுமா? நல்லூர்த் தேரன்று வீதி நிறைந்த சனத்தின் நடுவே நின்றும் ஒருவர் தனித்திருக்க முடியும். அமைதியில் மீட்டெடுக்கப்பட்ட உணர்ச்சியே கவிதை என்று தன் 'லிரிக்கல் பலட்ஸ்' கவிதைத் தொகுப்பின் 1800ஆம் ஆண்டு முன்னுரையில் எழுதியவர் வேர்ட்ஸ்வொர்த். யாருடைய உணர்ச்சி? தெருவில் போனவருடையதா? தன்னுடைய தனிமையை அவர் தன் வாயால் சொல்கிறார், அதை நீங்கள் அவரிடமிருந்து பறிக்கிறீர்கள். 1823இலேயே ஆங்கிலத்தில் உயர்கல்வி தந்த மிஷனரிமாரின் செமினறி தொடங்கப்பட்ட ஊர் எங்களுடையது. ஆங்கிலம் வாசிக்க எங்களுக்குக் கொக்குவில் வழிகாட்டத் தேவையில்லை.

கொக்குவில் ஆசிரியை:
ஊர்ப் பெருமையால் ஓர் அடிக்கும் பொருள் சொல்ல முடியாது, ஐயா. நீங்கள் காட்டிய முன்னுரையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீட்டெடுத்த உணர்ச்சியைச் சிந்தித்துக்கொண்டே இருக்க, அந்த அமைதி மெல்ல மறைந்து, முந்தியதற்கு உறவான இன்னோர் உணர்ச்சி உள்ளத்தில் உண்டாகிறது என்றுதான் அவர் தொடர்கிறார். ஆகவே ஏரிக்கரை உணர்ச்சியும் கவிதையின் உணர்ச்சியும் ஒன்றல்ல. 1815இல் அதே கவிதையைத் திருத்தி, 'ஆடும்' பூக்களைப் 'பொன்னிற'ப் பூக்களாக்கி, விண்மீன்களை ஒப்பிடும் பந்தியைப் புதிதாகச் சேர்த்தார். கடைசிப் பந்தியில் அகக்கண் என்றும் தனிமையின் பேரின்பம் என்றும் வரும் இரண்டு அடிகள் மனைவி மேரியுடையவை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த இரண்டு அடிகளில் வரும் தனிமை யாருடையது? 'கவிஞர்' என்று எழுதினால் எந்தக் கவிஞர்?

இதைப் படிக்க நாம் இங்கிலாந்துக்குப் போகவும் தேவையில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பிரித்துப் படித்தவர்கள் நாங்கள். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்ற குறுந்தொகைப் பாட்டைக் கபிலர் பாடினார் என்பதற்காகக் கபிலர் காதலனால் ஏமாற்றப்பட்டார் என்று எந்தப் பிள்ளையாவது எழுதுமா?

சுன்னாகம் மாணவன்:
நான் உயர்தரம் படிக்கிறேன். நான் போகும் ரியூட்டரியில் 'கவிஞர்' என்று எழுதியதற்கு இரண்டு புள்ளி வெட்டினார்கள், காரணம் சொல்லவில்லை. ரீச்சர், பரீட்சையில் நான் எதை எழுதுவது?

நல்லூர் வாசகி:
பாட்டில் பேசுபவர் இன்னார் என்று சொல்லும் கூற்றுக் குறிப்புகள் பாட்டோடு பிறந்தவையல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. ஆசிரியை அதை மறைக்கிறார். அதைவிட, டஃபோடிலைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்கு அதைப் பற்றிய கவிதை ஏன்? எங்கள் கொன்றையை வைத்துப் படிப்பித்தால் என்ன?

வட்டுக்கோட்டையான்:
நல்ல கேள்வி. ஆசிரியையின் கபிலர் வாதம் அதோடு விழுந்துவிட்டது.

கொக்குவில் ஆசிரியை:
எதையும் நான் மறைக்கவில்லை. குறிப்பை முழுவதும் எடுத்துவிடுங்கள். அப்போதும் அந்தப் பாட்டில் பேசுபவள் ஒரு பெண் என்பது பாட்டுக்குள்ளேயே தெரியும். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அன்றைக்குச் சாட்சியாக நின்றது, தினைத்தாள் போன்ற காலுடன் ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகு மட்டுந்தான் என்கிறாள். அதைப் பாட்டிலிருந்தே எடுக்கப் பழக்குவதுதான் என் வேலை. கொன்றையைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

சுன்னாகம் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். முதல் மூன்று பந்திகளிலும் இறந்தகாலம், கடைசியில் படுக்கையில் சாய்ந்திருக்கும்போது நிகழ்காலம். முதல் அடியில் வருந்தும் தனிமை, கடைசியில் மகிழும் தனிமை; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொல். இந்த மாற்றத்தைக் கண்டு எழுதுங்கள். அப்போது பேசுபவர் என்ற சொல் உங்களுக்குத் தானாகவே தேவைப்படும்.

வட்டுக்கோட்டையான்:
தம்பி, 'கவிஞர்' என்றே எழுதுங்கள். புள்ளியை வெட்டியவரிடம் காரணம் கேளுங்கள்.

கொக்குவில் ஆசிரியை:
பிள்ளையின் பரீட்சையோடு விளையாடாதீர்கள், ஐயா. ஆங்கிலக் கவிஞர் பிறவுனிங் 1842இல் வெளியிட்ட ஒரு கவிதையில், இறந்த மனைவியின் படத்தைக் காட்டிப் பேசும் பிரபு, தன் கட்டளையால்தான் அவளுடைய சிரிப்பு நின்றது என்கிறான். அங்கும் 'கவிஞர்' என்று எழுதச் சொல்வீர்களா? நாவலிலும் இதே பிழையைத்தான் போன ஆண்டு செய்தீர்கள். டிக்கின்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் கதையைச் சொல்லும் வளர்ந்த பிப், சிறுவனாக இருந்த பிப்பைத் திரும்பிப் பார்த்து வெட்கப்படுகிறான்; நீங்கள் இருவரையும் ஒருவராக்கி, அந்த ஒருவரையும் டிக்கின்ஸ் ஆக்கினீர்கள். கேட்டதற்குப் பதில் தராமல் போனீர்கள்.

வட்டுக்கோட்டையான்:
நான் போகவில்லை. என் பதிவை நீக்கினார்கள், நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. பிறவுனிங்கின் பிரபு வேறு, வேர்ட்ஸ்வொர்த் வேறு. இப்போது என் கேள்விக்கு வருகிறேன். வாழ்க்கை வரலாற்றைக் கவிதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நீங்கள், டொறதியை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்? கவிதையில் எந்த அடியில் தங்கை நடக்கிறாள்?

கொக்குவில் ஆசிரியை:
எந்த அடியிலும் இல்லை, நானும் அதைத்தான் சொல்கிறேன். வாழ்க்கையில் இருந்த தங்கை கவிதையில் இல்லாமற் போனபோது, பேசுபவர் வேறொருவராகிவிட்டார்.

வட்டுக்கோட்டையான்:
தங்கையை விட்டுவிட்டு எழுதியவர் யார்? அந்தக் கவிஞர்தானே? பக்கத்தில் தங்கை நடந்தும் தனியாக உணர்ந்தார் என்று வாசிப்பதை உங்கள் நாட்குறிப்பில் எந்தச் சொல் தடுக்கிறது?

கொக்குவில் ஆசிரியை:
நாட்குறிப்பில் வருவது 'நாங்கள்'. கவிதையில் வருவது 'நான்'. இதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், நீங்கள் இன்னும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

வட்டுக்கோட்டையான்:
சொல்லிவிட்டேன். நல்லூர்த் தேர் பற்றி எழுதியதை மறுபடி வாசியுங்கள்.