பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: தமிழ் டைப்பிங், கணக்கு ஒத்துவருமா?

அம்மாபேட்டைத் தறி:
வணக்கம். பட்டுத் தறிக் கூலிக் கணக்கு எழுதும் லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது. கணக்கு எல்லாம் எக்செலில், டைப் அடிப்பது தமிழ்99 விசைப்பலகை முறையில். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாமா?

ஏற்காட்டுக்காரன்:
தாராளமாகப் போடுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள், குறைந்த ரேமுக்கு அதுதான் சரி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். அதுவரை ஹார்டுடிஸ்கைத் தொட வேண்டாம். எங்கள் எஸ்டேட் ஆபீஸ் லேப்டாப்பில் வைஃபை எடுக்கவே இல்லை. போனை யூஎஸ்பி கேபிளில் கோத்து நெட் கொடுத்து மின்ட்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன், தேவையான டிரைவர் அங்கேயே இருந்தது. அப்புறம் தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளைப் போட்டால் தமிழ்99 வந்துவிடும். மலையில் நெட் விட்டுவிட்டுத்தான் வரும், ஆனால் வேலைக்கு நடுவில் அப்டேட் என்று இது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. எனக்கு இதில் பெரிய நிம்மதியே அதுதான்.

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
எக்செல் கோப்பு, லினக்ஸில் ஓடும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கும். மேக்ரோ (கோப்புக்குள் தானாக வேலை செய்யும் சிறு நிரல்) இருந்தால் மட்டும் சோதித்துப் பாருங்கள். பாமினியில் அடித்த பழைய பில் இருந்தால் அந்த எழுத்துருவையும் காப்பி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

அம்மாபேட்டைத் தறி:
மேக்ரோ கிடையாது, வெறும் கூட்டல்தான். பாமினி பில் நிறைய இருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.