புதுப்பிப்பு: 36 அங்குல புல்வெட்டி வந்தாச்சு

பெல்ட்டில் சக்கரம் ஓடும் பழைய வண்டிக்குப் பதிலாக, பின்னால் நடந்து ஓட்டும் ஹைட்ரோ வண்டி (எண்ணெய் அழுத்தத்தில் சக்கரம் ஓடும்) வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே, வாங்கியாச்சு. ஈசூனில் ஒரு திடலில் ஓட்டிப் பார்த்தோம். சிங்கப்பூரில் பெரும்பாலும் கௌ கிராஸ்தான், அகல இலை, தரையோடு படரும், மழைக்குப் பிறகு வெட்டினால் ஈரப்புல் டெக்குக்கு, அதாவது பிளேடை மூடியிருக்கும் கூட்டுக்கு, அடியில் அப்பிக்கொண்டு வெட்டு சீராக விழாது. வெட்டிய புல்லை வெளியே விடாமல் உள்ளேயே பொடியாக்க வைக்கும் மல்ச்சிங் தட்டைக் கழற்றி, புல்லைப் பக்கவாட்டில் தள்ளவிட்டதும் சரியாகிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது ரிவர்ஸ்தான். பழைய வண்டியை மரத்தடியில் கையால் பின்னுக்கு இழுத்து இழுத்தே தோள் போய்விடும், இதில் லீவரைத் தொட்டால் போதும். ஆனால் கால்வாய்ச் சரிவில் ஏற்றவே மாட்டேன், அங்கே தோளில் மாட்டும் மெஷின்தான். அப்புறம், பிளேடுக்கு மாற்று செட் வேண்டுமா என்று கேட்ட அண்ணனுக்கு: மழுங்கினால் புல் நுனி கிழிந்து பழுத்துவிடும், அதனால் மாற்று செட் கூடவே வாங்கிவிட்டோம்.