ஜெரார் பிலிப்: நடிப்பா, முகமா?

கடைசிவரிசை: 1952-இல் வந்த 'ஃபான்ஃபான் லா துலிப்' படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். கத்திச் சண்டை, ஜீனா லொல்லோபிரிஜிடா, எல்லாம் ஜாலிதான். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஹீரோவாக நடித்த ஜெரார் பிலிப்பை இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு நடிப்பா காரணம்? 1959 நவம்பரில் கல்லீரல் புற்றுநோயில் போனபோது வயது 36. தொப்பையோடு அப்பா வேஷம் கட்டும் வயது வரை இருந்திருந்தால் இத்தனை பேச்சு இருக்காது.

மேடைப்பித்தன்: படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் சார். அவர் அடிப்படையில் மேடை ஆள். 1945-இல் எழுத்தாளர் கம்யுவின் 'கலிகுலா' நாடகம் பாரிஸில் மேடையேறியபோது அந்தக் கொடுங்கோல் ராஜா வேஷம் கட்டிய பிலிப்புக்கு 22 வயது. 1951-இல் நாடக இயக்குநர் ழான் விலார் அவின்யோன் நாடக விழாவுக்குக் கூப்பிட்டு 'ல சித்' நாடகம் போட்டார், ஒத்திகையில் பிலிப் விழுந்து முழங்காலில் அடி, அந்த வீரன் வேஷத்தை உட்கார்ந்தபடியே நடித்தார், அதுவும் முழுக்க எதுகையோடு ஓடும் செய்யுள் வசனம். வெறும் முகத்தை வைத்து இதைச் செய்ய முடியுமா?

கடைசிவரிசை: அதை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கையில் இருப்பது படம்தான். ஸ்தாந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' நாவலில் நாயகன் ஜூலியன் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனாக அறிமுகமாகிறான். 1954 படத்தில் முப்பதைத் தாண்டிய பிலிப், அதுவும் ஒவ்வொரு வரியையும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது போல. இந்த மாதிரிப் படங்களைத்தான் அப்போது விமர்சகராக இருந்த ட்ரூஃபோ 1954-இல் ஒரு கட்டுரையில் கிழித்தார்.

மேடைப்பித்தன்: அந்தக் கட்டுரையில் ட்ரூஃபோ முக்கியமாகக் குறிவைத்தது ஒராஞ்ஷ், போஸ்ட் என்ற இரண்டு திரைக்கதை எழுத்தாளர்களை. சரி, அதே 1954-இல் ரெனே கிளெமான் எடுத்த 'மிஸ்யூ ரிப்வா' பார்த்தீர்களா? பெண்களிடம் பொய் சொல்லியே பிழைக்கிற ஒருவன். காசில்லாமல் லண்டன் தெருக்களில் அலையும்போது சுற்றிப் போகிறவர்கள் நிஜ ஜனங்கள், கேமராவை ஒளித்து வைத்து எடுத்தது. அங்கே மேடைக் குரலே கிடையாது, அழகைக்கூட அசிங்கமாகப் பயன்படுத்தியிருப்பார்.

சும்மா_வந்தேன்: விலாரின் மக்கள் நாடகக் குழுவில் இவ்வளவு பெரிய ஸ்டார் பெயரையும் போஸ்டரில் அகர வரிசைப்படிதான் போட்டார்கள். பிலிப் நடிகர் சங்கத் தலைவராகவும் இருந்தார். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசிவரிசை: சங்கத் தலைவர் என்றால் நல்ல மனுஷன், ஒப்புக்கொள்கிறேன். நல்ல நடிகர் என்று அதிலிருந்து எப்படி வரும்? 'ல சித்' உடுப்போடு அவரை ராமத்துவெல் ஊரில் புதைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் சொல்கிறேன், அங்கேயே ஆள் கதையாகிவிட்டார்.

மேடைப்பித்தன்: எந்த உடுப்பு என்று யோசியுங்கள். ஃபான்ஃபான் சட்டை இல்லை. ஆளைத் தெரிந்தவர்கள் அவரை மேடைக்காரராகத்தான் அனுப்பி வைத்தார்கள்.

கடைசிவரிசை: ம்ம். 'ரிப்வா' பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் 1956-இல் அவரே இயக்கி நடித்த 'டில்' படத்துக்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறீர்கள்?

மேடைப்பித்தன்: அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை சார், விடுங்கள்.