ராத்திரி எழுந்து போகும்போது அப்பா விழுகிறார். கோவைக்குக் கூட்டி வந்துவிடலாமா?

கேள்வி: மன்னைப் பெண்

அப்பாவுக்கு 78 வயது. மன்னார்குடி பக்கத்தில் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. நான் ஒரே பெண். கோவையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கிறோம்.

ஐப்பசியிலிருந்து மூன்று முறை விழுந்துவிட்டார். மூன்று முறையும் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தபோதுதான். முதல் தடவை விழுந்தது பால் ஊற்றும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டால், "கால் தட்டிடுச்சும்மா, ஒண்ணுமில்ல" என்கிறார். போன வாரம் புருவத்துக்கு மேல் நான்கு தையல். இடுப்பெலும்பு தப்பியது தெய்வச் செயல்.

பழைய ஓட்டு வீடு. கூடத்தில் கட்டிலில் படுப்பார். கழிவறை கொல்லையில். இரண்டு படி இறங்கி, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மழை பெய்தால் தரை முழுக்கப் பாசி. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு ஒன்று சாப்பிடுகிறார். சுகர் இல்லை.

இங்கே வரச் சொன்னால், "காலைல டீக்கடைல பேப்பர் பார்க்காம என்னால இருக்க முடியாது" என்கிறார். ராத்திரி பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்துக்கும் போன் செய்கிறேன். நடுவில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. கட்டாயப்படுத்தியாவது கூட்டி வந்துவிடுவதா?

பதில் 1: திருச்சி அத்தை

முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள் மா. ஊரை மாற்றுவது அப்புறம். முதலில் ஏன் விழுகிறார் என்று பார்ப்போம். "கால் தட்டியது" என்று சொல்கிறவர்களில் நிறைய பேருக்கு உண்மையில் எழுந்ததும் தலை சுற்றியிருக்கும்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். உடம்பு உடனே ரத்தக்குழாயை இறுக்கி பிரஷரைச் சமாளிக்க வேண்டும். வயதானால் அது மெதுவாகத்தான் நடக்கும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இரண்டும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும்.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை எழுதிக்கொண்டு, எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் போங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம்.

இன்னொன்று. தலையில் அடிபட்டிருக்கிறது. வயதானவர்களுக்கு உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். தலைவலி, அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் எதுவாக இருந்தாலும் உடனே கூட்டிப் போங்கள். காயம் ஆறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

பதில் 2: அடையாறுவாசி

சகோதரி, நான் இதைச் செய்து வருந்துகிறேன். அம்மாவை ஊரிலிருந்து என் ஃப்ளாட்டுக்குக் கூட்டி வந்தேன். நாங்கள் வேலைக்குப் போனதும் பேச ஆளில்லை. ஊரில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே தெருவையே விசாரிப்பவர், இங்கே பால்கனி நாற்காலியை விட்டு நகரவில்லை. எட்டு மாதத்தில் கால் பலமே போய்விட்டது. விழக்கூடாது என்றுதான் கூட்டி வந்தேன், இங்கே பாத்ரூமில் விழுந்தார். உங்கள் வீட்டில் மூன்று மாடி வேறு. உங்கள் அப்பாவின் டீக்கடை நடையைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 3: தருமபுரி தம்பி

அக்கா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பா பெயரைப் பதிந்தீர்களா? 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார். தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, இலவசம்.

மன்னைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தேன்.

அத்தை சொன்னபடியே பார்த்தேன். படுத்திருக்கும்போது 148/84. எழுந்து ஒரு நிமிடத்தில் 116/70. அப்போதுதான், "ஆமாம்மா, கண்ணு கொஞ்சம் இருட்டும்" என்றார். இத்தனை நாள் சொல்லாத வார்த்தை. டாக்டர் ஒரு பிரஷர் மாத்திரையை மாற்றி, இன்னொன்றின் அளவைக் குறைத்திருக்கிறார். தலைக்கு ஸ்கேனும் எடுத்தோம், ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட்டிலுக்குப் பக்கத்துச் செம்பில் காலையில் வைத்த தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருந்தது. ராத்திரி எழக்கூடாது என்று மூன்று மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வெல்டரைக் கூப்பிட்டு, கொல்லைப் படியிலிருந்து கழிவறை வரை இரும்புக் குழாய்க் கைப்பிடி போட்டாயிற்று. பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். கட்டில் தலைமாட்டிலேயே சுவிட்ச். ராத்திரிக்கு யூரின் கேன் வாங்கினேன். முதல் நாள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

கடைசி ராத்திரி இரண்டு மணி இருக்கும். கூடத்தில் தூங்குவது போலப் படுத்திருந்தேன். எழுந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். உடனே எழுந்திருக்கக் கூடாது, அறுபது வரை எண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முணுமுணுப்பாக எண்ணுவது கேட்டது. நாற்பதில் விட்டுப்போய், மறுபடி முப்பதிலிருந்து எண்ணினார். அதன் பிறகுதான் எழுந்தார்.

இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அத்தை, தண்ணீர் மட்டும் இன்னும் பயந்து பயந்துதான் குடிக்கிறார். என்ன செய்யலாம்?

திருச்சி அத்தை

ராத்திரிக்கு என்று வற்புறுத்தாதீர்கள் மா. குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் காலையிலிருந்து நாலு மணிக்குள் குடித்துவிடட்டும். பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் நீர்மோர் கொடுக்கச் சொல்லி அந்தப் பால் ஊற்றும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.