சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ்: ‘தெறிநிலை மின்மறுப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெனரேட்டரில் குறுக்குச்சுற்று நேர்ந்ததும், முதல் சில சுற்றுகளில் அது மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் மின்மறுப்புதான் (ரியாக்டன்ஸ்) சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ். அதற்குத் தமிழில் ‘துணை நிலைமாறு மின்மறுப்பு’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. ‘துணை’ என்று பார்த்ததும் மாணவர் அதை இரண்டாம்பட்சமான ஒன்றாக எடுத்துக்கொள்வார். ஜெனரேட்டரில் நடப்பது அதற்கு நேர்மாறு.

சுமையின்றி முழு மின்னழுத்தத்தில் ஓடும் டர்போ ஜெனரேட்டர் ஒன்றின் முனைகளில் மூன்று ஃபேசும் குறுக்குச்சுற்று ஆகிறது என்று வையுங்கள். சுருணைகளோடு பிணைந்த காந்தப்பாயம் சட்டென்று மாறாது. அதனால் சுழலியின் தணிப்புக் கம்பிகளிலும் (அதன் அசைவாட்டத்தை அடக்க வைக்கும் கம்பிகள்) புலச் சுருணையிலும் (காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருணை) மின்னோட்டம் தூண்டப்பட்டு, ஸ்டேட்டரின் (சுழலாத வெளிப்பகுதி) பாயத்தை உள்ளே விடாமல் கசிவுப் பாதைகளுக்குத் தள்ளிவிடுகிறது. அப்போது மின்மறுப்பு 0.2 பெர் யூனிட் அளவுதான் (ஜெனரேட்டரின் சொந்த மதிப்பீட்டை 1 என்று வைத்துச் சொல்லும் விகித அளவு இது). மின்னோட்டமோ முழுச்சுமையைப்போல் 5 மடங்கு. தணிப்புக் கம்பிகளின் மின்னோட்டம் சில சுற்றுகளிலேயே அடங்கிவிடும் (50 ஹெர்ட்சில் ஒரு சுற்று 20 மில்லிவினாடி). அப்புறம் புலச் சுருணை மட்டும் ஓரிரு வினாடி தாக்குப்பிடிக்கும்: மின்மறுப்பு 0.3, மின்னோட்டம் 3 மடங்குக்குச் சற்று மேல். அதுவும் ஓய்ந்தால் மின்மறுப்பு 1.8 ஆகிவிடும். புல மின்னோட்டத்தைக் கூட்டாவிட்டால், நிலைத்த பழுது மின்னோட்டம் முழுச்சுமையில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்! தாமதித்து இயங்கும் சாதாரண மிகைமின்னோட்ட ரிலே (மின்னோட்டம் அளவு மீறினால் பழுதென்று உணர்ந்து துண்டிக்கச் சொல்லும் கருவி) இந்தப் பழுதைக் காணாமலே விட்டுவிடலாம். மின்னழுத்தம் விழுவதையும் சேர்த்துப் பார்க்கும் ரிலேயை ஜெனரேட்டருக்கு வைப்பது இதற்காகத்தான்.

ஆக, மூன்று கட்டங்களும் பெயரிலேயே தெரிய வேண்டும். தெறிநிலை (சப்டிரான்சியன்ட்), தளர்நிலை (டிரான்சியன்ட்), நிலைபேறு (ஸ்டெடி ஸ்டேட்) என்பது என் முன்மொழிவு. தெறிநிலை மின்மறுப்பு, தளர்நிலைக் கால மாறிலி (எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதன் அளவு), தெறிநிலைப் பழுது மின்னோட்டம் என்று தொடர்களும் இயல்பாக அமைகின்றன. இரண்டாவதற்குத் ‘தணிநிலை’ காதுக்கு இனிமைதான். ஆனால் தணிப்புக் கம்பி வேலை செய்வது முதல் கட்டத்தில், குழப்பம் வரும். ‘தொடக்க மின்மறுப்பு’ என்றால் மோட்டாரை ஓடவிடும் நேரம் நினைவுக்கு வரும்.

இன்னொன்று பாக்கி. குறுக்குச்சுற்று நேர்ந்த கணத்தைப் பொறுத்து, மின்னோட்ட அலையை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும் நேர்திசைக் கூறும் உண்டு. அது தெறிநிலையில் சேராது. ஸ்டேட்டரின் கால மாறிலிப்படி தனியே தேய்கிறது. மாறுதிசைக் கூறு அதைவிட வேகமாகத் தேய்ந்தால், மின்னோட்டம் பல சுற்றுகளுக்குச் சுழியைத் தொடாமலே போகலாம். மின்னோட்டம் சுழியாகும் கணத்தில்தான் பிரேக்கர் (சுற்றைத் துண்டிக்கும் கருவி) அதை அணைக்கும் என்பதால், துண்டிக்கத் திணறும். இந்தக் கூறுக்குத் தனிச்சொல் அவசியம். ‘விலகல் கூறு’ சரியாக வருமா?