வளவில் நின்ற செங்கல் தூண்

செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் சென்ற ஆண்டு போனது சிவகங்கை மாவட்டத்தில் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊருக்கு. அதன் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு.

பகல் பதினொரு மணிக்குத் தெருவில் ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. முகப்பின் மேலிருந்த கஜலட்சுமியின் ஒரு யானைக்குத் துதிக்கை உதிர்ந்திருந்தது. திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த காவல்காரப் பெரியவர் என் கேமராவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இது பதினாலு புள்ளி வீடு தம்பி. யாரைக் கேட்டு ஒங்கள உள்ள விடுறது?"

இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாரில் மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. தாத்தா கட்டிய வீட்டில் இன்று சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பேரன்மார் அத்தனை பேருக்கும் பங்கு இருப்பதால், விற்பதும் எளிதல்ல, ஓடு மாற்றுவதும் எளிதல்ல. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோதே, அங்கே நடந்து இந்த வீடுகளைத் தாங்கிய வட்டித்தொழில் முறிந்துபோனது. மிஞ்சியது கல்யாணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் ஊர் கூடும் வழக்கம்தான்.

கேமராவைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வருவதென்றால் உள்ளே வரலாம் என்றார். முற்றமும் அறைகளும் கொண்ட உள்கட்டான வளவின் இருபுறமும் இருந்த அறைகளில் புள்ளிக்கு ஒன்றாக வெவ்வேறு பூட்டுகள் தொங்கின. சிலவற்றில் துரு ஏறிச் சாவித்துளையே அடைபட்டிருந்தது. முற்றத்தைச் சுற்றி நின்ற பர்மா தேக்குத் தூண்களின் வரிசையில், ஒன்று மட்டும் பூச்சில்லாத செங்கல் தூண்.

மூன்று வருடங்களுக்கு முன் என்னைப் போலவே இருவர் வந்து நாள் முழுவதும் படமெடுத்தார்களாம். ஆறு மாதம் கழித்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவர், அதே படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "இந்தத் தூணுதானே?" என்று விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். பங்காளிகளில் ஒருவர் சம்மதித்தார். மற்றவர்களுக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் தூண் வண்டி ஏறிவிட்டது.

செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதைப் பற்றி நானே பெருமையாக எழுதியவன். பட்டியலில் பெயர் இருப்பது ஒரு தூணைக்கூடப் பிடித்து வைக்காது என்பது அந்தச் செங்கல்லைத் தொட்டபோதுதான் உறைத்தது.

புறப்படும்போது பெரியவரே, "அந்தச் செங்கத் தூண வேணா எடுத்துக்கங்க, அத யாரும் கேட்டு வரமாட்டாங்க" என்றார். அது ஒன்றை மட்டும் படமெடுத்தேன்.

அன்றிரவு காரைக்குடி விடுதியில் உட்கார்ந்து, இணையத்தில் நான் முன்பு போட்டிருந்த படங்களின் கீழிருந்த ஊர்ப்பெயர்களையும் தெருப்பெயர்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அவற்றில் இரண்டை யாரோ ஏற்கெனவே பெயரோடு சேர்த்து எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள்.