உருமாற்ற அணியிலிருந்து கீலின் அச்சைக் கண்டறிவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். குன்னூர் அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வரைபடம் ஏதும் எஞ்சியிராத பழைய உலர்த்தியின் கதவை மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் ஸ்கேன் செய்து, இரு நிலைகளையும் இணைக்கும் 4×4 உருமாற்ற அணியை (சுழற்சியையும் இடப்பெயர்ச்சியையும் ஒருங்கே குறிக்கும் எண் அட்டவணை) பெற்றிருக்கிறேன். தேய்ந்த கீலை மாற்றுவதற்கு அதன் சுழல் அச்சு எங்கே செல்கிறது என்பது தெரிய வேண்டும்.

கோணத்தில் சிக்கலில்லை. 3×3 சுழற்சிப் பகுதியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை 1.07, அது ஒன்றுடன் கோணக் கோசைனின் இருமடங்கைக் கூட்டியதற்குச் சமம் என்பதால் கோணம் ஏறத்தாழ 88 பாகை. ஐகன் மதிப்பு 1-க்குரிய வெக்டர், அதாவது சுழற்சியால் மாறாத வெக்டர், அச்சின் திசையைத் தந்துவிட்டது.

அச்சின் இடம்தான் பிடிபடவில்லை. இருபரிமாணத் தளத்தில் என்றால், அலகு அணியிலிருந்து சுழற்சி அணியைக் கழித்து, அதன் நேர்மாறால் இடப்பெயர்ச்சி வெக்டரைப் பெருக்கினால் மையம் கிடைத்துவிடும். முப்பரிமாணத்திலோ, அச்சிலுள்ள எல்லாப் புள்ளிகளும் அசையாதிருப்பதால், அந்த வித்தியாச அணியின் அணிக்கோவை சுழியாகி நேர்மாறே இல்லாமல் போகிறது. போதாக்குறைக்கு, இடப்பெயர்ச்சியில் அச்சின் திசையிலேயே 3 மில்லிமீட்டர் இருக்கிறது.

அந்தக் கூறை நீக்கிவிட்டு, மீதியை அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் இருபரிமாணக் கணக்காகத் தீர்ப்பது சரியா? அந்த 3 மில்லிமீட்டரைக் கதவின் தொய்வாகக் கொள்வதா, ஸ்கேன் பிழையாகக் கொள்வதா? கொழுந்து வரத்து மிகுந்த இந்நாட்களில் உலர்த்தியை மறுபடி நிறுத்த விடமாட்டார்கள் என்பதால், கையிலுள்ள அணியைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.